நாட்டை விட்டுப் போனவன் துரோகியா?

ருஷ்யாவில் பல வருஷ காலம் பிரயாணிகள் விமானம் ஓட்டிப் பிழைத்து வந்த ஒருவர், அந்த உத்தியோகத்தையும் அந்த நாட்டையும் விட்டுவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு கனடா தேசத்தில் போய்க் குடியேறியதைக் குறித்துத் தமது எண்ணங்களை எழுதியிருக்கின்றார். அதை வாசிக்கும் சந்தர்ப்பம் நமக்குக் கிடைத்தது. தம்மைத் தலைவர் என்றோ தியாகி என்றோ அவர் சொல்லிக் கொள்ளவில்லை. சம்பளம் வாங்கி வேலை பார்த்த ஒரு தொழிலாளி தனக்கு நேர்ந்ததை மறைக்காமல் சொல்லுகின்றார், அவ்வளவுதான். ஆனால் அவர் சொல்லுவதில் இரண்டு சங்கதிகள் நம் மனதில் தைத்தன. அவர் புறப்பட்டபோது சொந்த நாட்டார் அவரைத் "துரோகி" என்றார்களாம். போய்ச் சேர்ந்த நாட்டார், "உனக்கு இந்நாட்டு அனுபவம் இல்லையே" என்றார்களாம். அங்கே பிறந்ததற்காக ஒரு பழி, இங்கே பிறக்காததற்காக ஒரு பழி. இவ்விரண்டு பேச்சிலும் உள்ள புரட்டைச் சற்று விசாரித்துப் பார்க்க வேண்டியது அவசியமென்று நினைக்கின்றோம்.

முதலில் துரோகம் என்பதை எடுத்துக் கொள்ளுவோம். ஒருவன் மாஸ்கோவில் பிறப்பதும் மாண்ட்ரியாலில் பிறப்பதும் அவன் செய்த காரியமா? அவன் கேட்டுப் பிறந்தானா? கையெழுத்துப் போட்டு ஏதாவது ஒப்பந்தம் செய்து கொண்டானா? ஒன்றுமில்லை. அப்படியிருக்க, பிறந்த மண்ணை விட்டு நகர்ந்தால் பாவம் என்று சொல்லுவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? நாட்டைத் தாய் என்கிறார்கள். நல்லது, அப்படியே வைத்துக் கொள்ளுவோம். பிள்ளைக்குச் சோறு போடாத தாயை விட்டுப் பிள்ளை வேறு இடத்தில் கூலிக்குப் போனால், ஊரார் யாரைக் கேட்பார்கள்? தாயைத்தானே கேட்பார்கள்!

அந்தத் தாய் என்ன செய்தாள் என்பதையும் பார்க்கலாம். சோவியத் காலத்தில் ஆகாயப் போக்குவரத்து முழுவதும் "ஏரோஃப்ளோட்" என்ற ஒரே சர்க்கார் ஸ்தாபனத்தின் கையில் இருந்தது. 1991 டிசம்பரில் சோவியத் கூட்டு ராஜ்யம் கலைந்ததும் அந்த ஸ்தாபனமும் சிதறி, சில நூறு சில்லறைக் கம்பெனிகளாயிற்று. சில கம்பெனிக்கு இரண்டு மூன்று விமானந்தான் சொத்து. 1990-ல் ருஷ்யக் குடியரசில் சுமார் 9 கோடிப் பேர் விமானத்தில் பிரயாணம் செய்தார்கள் என்றால், 2000-ல் அது ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துபோயிற்று. ஆள் ஏறாவிட்டால் விமானம் ஏது, விமானிக்குச் சம்பளம் ஏது? மாதக் கணக்கில் கூலி பாக்கி. 1998 ஆகஸ்டில் சர்க்காரே கடன் கட்ட முடியாதென்று கையை விரித்தது. ஒரு டாலருக்கு 6 ரூபிளாக இருந்தது அவ்வருஷ முடிவுக்குள் 20-க்கு மேல் போய்விட்டது. சேர்த்து வைத்தவன் சேமிப்பெல்லாம் கடுதாசியாயிற்று. நூற்றைம்பது உயிர்களைத் தன் கையில் பிடித்துக் கொண்டு முப்பதாயிரம் அடிக்கு மேலே பறக்கிற ஒருவன், வீட்டில் குழந்தைக்குப் பூட்ஸ் வாங்கக் காசில்லாமல் கவலைப்பட்டுக் கொண்டே பறக்க வேண்டுமென்றால், அது அவனுக்கு மாத்திரமா ஆபத்து? பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஆபத்தல்லவா? நமது விமானி இந்தக் காலத்தில்தான் கிளம்பியிருக்கிறார். இதைத் துரோகம் என்றவர்கள் அவருடைய சம்பள பாக்கியைக் கொடுத்துவிட்டா அப்படிச் சொன்னார்கள்?

இந்தத் "துரோகி" என்ற வசைக்கு அந்நாட்டில் ஒரு பழைய வேர் உண்டு. சோவியத் காலத்து ருஷ்யக் குடியரசின் 1960-ம் வருஷத்துக் கிரிமினல் சட்டம் 64-வது பிரிவில், வெளிநாட்டுக்கு ஓடிப்போவதும், வெளிநாடு போனவன் திரும்பி வர மறுப்பதும் தேசத் துரோகக் குற்றத்தில் சேர்ந்ததென்று எழுதி வைத்திருந்தார்கள். வேவு பார்த்தவனுக்கும் வீடு மாறினவனுக்கும் ஒரே பிரிவு! உள்நாட்டிற்குள்ளேயே போய்வரப் பாஸ்போர்ட் வேண்டுமென்று 1932 டிசம்பரில் உத்தரவு போட்டார்கள். கூட்டுப் பண்ணைக் குடியானவர்களுக்கு அந்தப் பாஸ்போர்ட் உரிமையாகக் கிடைக்குமென்று உத்தரவானது 1974-ல்தான். உழுது சோறு போட்டவன்தான் எல்லாருக்கும் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. தொழிலாளி ராஜ்யம் என்று பேர் வைத்துக் கொண்டதனால் மாத்திரம் இது நியாயமாகிவிடுமா என்று கேட்கின்றோம். மனித உரிமைப் பிரகடனத்தை உலக நாடுகள் 1948-ல் நிறைவேற்றின. அதன் 13-வது விதி, எவனும் தன் நாடு உள்பட எந்த நாட்டையும் விட்டுப் போகலாம், திரும்பியும் வரலாம் என்று சொல்லுகிறது. அந்தப் பிரகடனத்திற்கு ஓட்டுக் கொடுக்காமல் ஒதுங்கி நின்ற நாடுகளில் சோவியத்தும் ஒன்று.

விமானி ஒருவரே இதற்குப் பலியாகப் பார்த்த கதையும் உண்டு. மார்க் டிம்ஷிட்ஸ் என்னும் யூதர் முன்னாள் ராணுவ விமானி. வெளியே போக அனுமதி கிடைக்காத சிலரோடு சேர்ந்து, கலியாணத்துக்குப் போகிறவர்களைப் போலப் பாவனை செய்து, லெனின்கிராடிலிருந்து போகும் ஒரு சிறு விமானத்தின் சீட்டுகளையெல்லாம் வாங்கி, அதைத் தாமே ஓட்டிக் கொண்டு எல்லையைத் தாண்டிவிட ஏற்பாடு செய்தார். 1970 ஜூன் 15-ந் தேதி விமானத்தில் ஏறுவதற்கு முன்பே பிடிபட்டார்கள். விமானத்தைக் கடத்துவதை நாம் சரியென்று சொல்லவில்லை. ஆனால் யாதொருவரையும் கொல்லாத அந்தக் காரியத்திற்கு டிசம்பரில் விதித்த தண்டனை என்ன தெரியுமா? அவருக்கும் இன்னொருவருக்கும் மரணம்! உலகமெங்கும் கூச்சல் கிளம்பின பிறகு, ஒரே வாரத்தில் அதைப் 15 வருஷச் சிறையாக மாற்றினார்கள். 1979-ல் அமெரிக்காவில் பிடிபட்டிருந்த இரண்டு சோவியத் ஒற்றர்களுக்கு மாற்றாக விடுதலையானவர்களில் அவரும் ஒருவர். வாசலைத் திறந்து வைத்திருந்தால் சன்னல் வழியாக எவன் குதிப்பான்?

அந்த வாசலைத் திறக்கும் சட்டம் 1991-ல் நிறைவேறி, 1993 ஜனவரி முதல் அமுலுக்கு வந்தது. ருஷ்யாவின் 1993-ம் வருஷத்து அரசியல் சட்டமும் 27-வது விதியில் யாரும் தாராளமாய் வெளியே போகலாமென்கிறது. சட்டம் மாறினாலும் வாய் மாறவில்லை. உக்ரேன் மீது படையெடுத்ததற்கு மறுமாதம், 2022 மார்ச்சில், அந்நாட்டு அதிபர் புட்டின், மனதால் மேல்நாட்டைச் சேர்ந்துவிட்டவர்கள் என்று சிலரைத் துரோகிகளாக்கிப் பேசி, வாய்க்குள் விழுந்த பூச்சியைத் துப்புவது போல ஜனங்கள் அவர்களைத் துப்பிவிடுவார்கள் என்றார். அதே செப்டம்பரில் ஆள் பிடிக்கும் உத்தரவு போட்டதும், வாலிபர்கள் ஜார்ஜியா எல்லையிலும் கசாக்ஸ்தான் எல்லையிலும் மைல் கணக்கில் வரிசை நின்றார்கள். துப்பின பூச்சிகள் எவ்வளவு என்பதை அந்த வரிசையைப் பார்த்தவர்கள் தெரிந்து கொண்டிருப்பார்கள்.

நிற்க, ருஷ்யாவிலிருந்து கனடாவுக்குப் போனவர்களில் நமது விமானி முதல்வருமல்ல. "துகோபார்" என்ற குடியானவக் கூட்டத்தார் பாதிரியும் வேண்டாம், பூஜைப் படமும் வேண்டாம், மனிதனைக் கொல்லும் பட்டாளத்து வேலையும் வேண்டாம் என்று சொல்லி, 1895-ல் தங்களிடமிருந்த துப்பாக்கிகளையும் கத்திகளையும் குவித்துத் தீ வைத்தார்கள். ஜார் சர்க்கார் குதிரைப் பட்டாளத்தை விட்டுச் சவுக்கால் அடித்தது. ஊரை விட்டு விரட்டிற்று. கடைசியில், "போவதானால் சொந்தச் செலவில் போங்கள், ஆனால் திரும்பி வரக்கூடாது" என்று அனுமதித்தது. கப்பல் கூலிக்குப் பணமேது? டால்ஸ்டாய் பாதியில் போட்டு வைத்திருந்த "புத்துயிர்ப்பு" என்னும் நாவலை எழுதி முடித்து, அதில் வந்த பணத்தை இவர்களுக்குக் கொடுத்தார். அவர் எழுத்தால் உண்டான பலன்களில் இதையும் நாம் பெரிதாகவே மதிக்கின்றோம். 1899-ல் சுமார் 7,500 பேர் கனடாவில் இறங்கினார்கள். பட்டாளத்தில் சேர வேண்டியதில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் கனடா சர்க்கார் அவர்களை அழைத்தது. காடு மேடெல்லாம் திருத்திப் பயிரிட்ட பிறகு, ராஜ விசுவாசப் பிரமாணம் செய்யாதவர்களுக்கு நிலமில்லை என்று சொல்லி, 1907-ல் பெரும் பகுதியைப் பிடுங்கிக் கொண்டது. ஆயிரக்கணக்கானவர்கள் மறுபடியும் மூட்டை கட்டிக் கொண்டு மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போனார்கள்.

இதிலிருந்து கனடாவும் தேவலோகமல்ல என்பது விளங்கும். 1908-ல் அந்நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள். குடியேற வருகிறவன் பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேரே வர வேண்டுமாம். இந்தியாவிலிருந்து அப்படி நேரே வருவதற்கு வழியில்லை என்பதைத் தெரிந்து கொண்டே செய்த சட்டம் அது. 1914-ல் "கோமகட்டா மாரு" என்ற கப்பலில் போன 376 இந்தியர்களில் மிகச் சிலரைத் தவிர மற்றவர்களை வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் தண்ணீரிலேயே நிறுத்தி வைத்துத் துரத்தியது அந்தச் சட்டத்தினால்தான். சீனர்களுக்குத் தலைவரி போட்டு, அது போதாதென்று 1923 முதல் 1947 வரை அடியோடு கதவைச் சாத்தினார்கள். தோலைப் பார்த்து ஆளைச் சேர்க்கும் இந்த முறை மாறி, 1967-ல்தான் மார்க்குப் போடும் முறை வந்தது. படிப்புக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை, பாஷைக்கு இத்தனை, தொழிலுக்கு இத்தனை என்று நூற்றுக்கு 50 மார்க்கு வாங்கினவனுக்கு அனுமதி. மார்க்கு விவரம் பல தடவை மாறியிருந்தாலும் அடிப்படை அதுதான். பிறப்பைப் பார்க்காமல் தகுதியைப் பார்ப்பது என்ற அளவில் இதை நாம் மனமார ஒப்புக் கொள்ளுகின்றோம்.

ஆனால் இங்கேதான் வேடிக்கை ஆரம்பமாகின்றது. ஒரு கையால் மார்க்குப் போட்டு உள்ளே அழைத்த நாடு, மறு கையால் அதே படிப்பையும் அதே அனுபவத்தையும் செல்லாக் காசு என்று தள்ளுகிறது. டாக்டர் என்று மார்க்கு வாங்கி வந்தவர் டாக்சி ஓட்டுகின்றார். இஞ்சினீயர் கிட்டங்கியில் பெட்டி அடுக்குகின்றார். டொரண்டோ நகரத்தில் நமது தமிழ் மக்களும் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். இதை அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நமது விமானிக்கும் இதே கதிதான். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஜெட் விமானம் ஓட்டியவர், போன புதிதில் கடிகாரத்தைப் பார்த்து மணிக் கூலிக்கு வேலை செய்திருக்கின்றார்.

இந்த இடத்தில் நாம் ஒரு பக்கமாய்ப் பேசக் கூடாது. வெளிநாட்டு விமானி மறுபடியும் பரீட்சை எழுத வேண்டும், பறந்து காட்ட வேண்டும் என்று கனடா சர்க்கார் கேட்பதில் குற்றமில்லை. விமானியும் அதைக் குற்றமென்று சொல்லவில்லை. காரணம் என்னவென்றால், ஆகாயம் ஒன்றாயிருந்தாலும் அதில் பறக்கும் பழக்கம் நாட்டுக்கு நாடு வேறாக இருந்தது. ருஷ்யாவில் உயரத்தை மீட்டரிலும் வேகத்தைக் கிலோமீட்டரிலும் கணக்கிட்டார்கள். கனடாவில் அடியும் கடல் மைலும். (மேல்மட்ட உயரங்களுக்கு ருஷ்யாவும் 2011 முதல் அடிக் கணக்கிற்கு மாறிவிட்டது.) ருஷ்யாவின் பழைய பெரிய விமானங்களில் தலைமை விமானி, உதவி விமானி, வழிகாட்டி, இயந்திரக்காரர் என்று நாலு பேர் முன்னறையில் இருப்பார்கள், மேல்நாட்டுப் புது விமானங்களில் இரண்டே பேர்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய வித்தியாசம் ஒன்றுண்டு. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதென்று காட்டுவதற்கு விமானியின் கண்ணுக்கு நேரே ஒரு கருவி இருக்கும். மேகத்துக்குள்ளும் இருட்டிலும் வெளியே ஒன்றும் தெரியாதபோது அதுதான் கண். மேல்நாட்டுக் கருவியில் விமானத்தின் உருவம் அசையாது. வானத்தையும் பூமியையும் பிரிக்கும் கோடுதான் சாயும். ஓடுகிற பஸ் வளைவில் திரும்பும்போது சன்னலுக்கு வெளியே ரோடு சாய்வதாகத் தெரிகிறதல்லவா, அதைப் போல. ருஷ்யக் கருவியில் கோடு நிற்கும். விமானத்தின் உருவந்தான் சாயும். ரோட்டோரத்தில் நின்று பஸ் சாய்வதைப் பார்ப்பது போல. இரண்டும் சரியான கருவிதான். ஆனால் இருபது வருஷம் ஒன்றில் பழகினவன் கலவரப்பட்ட ஒரு நிமிஷத்தில் மற்றொன்றைப் பார்த்தால், இடது வலதாகிவிடும். 2008 செப்டம்பர் 14-ந் தேதி பெர்ம் நகரத்தில் இறங்க வந்த போயிங் விமானம் ஒன்று இரவில் விழுந்து நொறுங்கி, அதிலிருந்த 88 பேரும் மாண்டார்கள். பழைய வகைக் கருவியில் ஊறிப்போன விமானிகளுக்குப் புதிய வகையில் போதுமான பயிற்சியில்லாமற் போனதும் ஒரு காரணமென்று விசாரணையில் ருஷ்யர்களே எழுதினார்கள். ஆகவே நீண்ட அனுபவம் என்பதும் சில சமயம் காலை வாரிவிடும். பரீட்சை வேண்டியதுதான்.

பாஷையும் அப்படியே. 1996 நவம்பர் 12-ந் தேதி டில்லிக்கு அருகில் சார்க்கி தாத்ரி என்ற இடத்தில், இறங்கி வந்த கசாக்ஸ்தான் விமானமும், ஏறிப் போன சவூதி விமானமும் நடுவானத்தில் மோதி 349 பேர் இறந்தார்கள். கசாக் விமானம் தனக்குச் சொல்லப்பட்ட 15,000 அடியில் நில்லாமல் கீழே இறங்கிவிட்டது. அதன் சிப்பந்திகளுக்கு இங்கிலீஷ் சரியாகப் பிடிபடாததும் அப்போது பேசப்பட்டது. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகே, வெளிநாட்டுப் போக்குவரத்தில் பறக்கும் விமானிக்கு ஆறு படியில் நாலாவது படி அளவாவது பாஷைத் தேர்ச்சி வேண்டுமென்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் 2003-ல் விதி செய்து, 2008 முதல் அமுலுக்குக் கொண்டு வந்தது. பாஷைப் பெருமை, தாய்மொழி அபிமானம் என்று பேசி இதைத் தட்டிக் கழிக்க முடியுமா?

பரீட்சையில் தேறின பிறகு வருகிறது பாருங்கள், அதைத்தான் நாம் கண்டிக்கின்றோம். சர்க்கார் லைசென்ஸ் கொடுத்துவிட்டது. பழைய பறப்பு மணிகளையும் கணக்கில் சேர்த்துக் கொண்டது. கம்பெனிக்காரர் மாத்திரம், "கனடா அனுபவம் உண்டா?" என்கிறார். கனடாவில் வேலை கொடுத்தால்தானே கனடா அனுபவம் வரும்? அனுபவமில்லாமல் வேலையில்லை, வேலையில்லாமல் அனுபவமில்லை. தண்ணீரில் இறங்காமல் நீந்தக் கற்றுக் கொண்டு வா என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இன்னும் கேளுங்கள். பெரிய விமானக் கம்பெனிகளில் சேர்ந்த தேதிப்படி வரிசை எண் போடுகிறார்கள். எந்த விமானம், எந்த வழி, எந்த நாள் லீவு, எப்போது தலைமை ஸ்தானம் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. வெளியில் தலைமை விமானியாக இருபது வருஷம் இருந்தவரும் கடைசி எண்ணில்தான் நிற்க வேண்டும். முதலாளி தன் இஷ்டம் போல ஆளை உயர்த்தாமலிருக்கத் தொழிலாளர்கள் போராடி வாங்கின முறை இது; அதில் ஒரு நியாயமும் இருக்கின்றது. ஆனாலும் நாற்பத்தைந்து வயதில் வந்தவனுக்கு அந்த வரிசையின் முன்பக்கம் கண்ணில் படவே படாது.

கனடா அனுபவம் என்பது ஏதோ தப்பே வராத மந்திரமா என்றால் அதுவுமில்லை. 1983 ஜூலை 23-ந் தேதி ஏர் கனடா கம்பெனியின் போயிங் 767 விமானம் நடுவானத்தில் எண்ணெய் தீர்ந்து இரண்டு இயந்திரமும் நின்றுவிட்டது. 22,300 கிலோ எண்ணெய் வேண்டியிருக்க, கிலோவுக்குப் பதில் பவுண்டுக் கணக்கைப் போட்டுப் பாதிக்கும் குறைவாய் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். கணக்குப் போட்டவர்கள் அத்தனை பேரும் கனடா அனுபவம் நிரம்பியவர்கள். விமானி சாமர்த்தியமாய்ப் பருந்தைப் போல மிதக்க விட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட ஓடுபாதையில் இறக்கினதால் எல்லாரும் பிழைத்தார்கள். தப்புச் செய்வதிலும் தப்பிலிருந்து மீள்வதிலும் மனிதனுடைய பயிற்சிதான் பேசுகிறது. அவனுடைய பிறப்புப் பத்திரம் பேசுவதில்லை.

ஒண்டாரியோ மாகாணத்தின் மனித உரிமைக் கமிஷன் 2013-ல், கனடா அனுபவம் இருந்தே தீர வேண்டும் என்று கேட்பது பாரபட்சம் என்றும், எந்த நாட்டில் பெற்ற அனுபவமானாலும் அதைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிற்று. 1967-ல் மார்க்குப் போட ஆரம்பித்தவர்களுக்கு இது தோன்ற 46 வருஷம் ஆயிருக்கிறது. உலக விமானிகளின் லைசென்ஸுக்கெல்லாம் பொது விதி செய்கிற, மேலே சொன்ன அந்த ஸ்தாபனத்தின் தலைமை ஆபீசு எங்கே இருக்கிறதென்று நினைக்கிறீர்கள்? கனடாவிலேயே, மாண்ட்ரியால் நகரத்தில்! பொது விதியின்படி லைசென்ஸ் பெற்ற விமானி அந்த ஆபீசுக்கு நாலு தெரு தள்ளிப் பெட்டி சுமக்கிறதில் யாருக்கு லாபம்? குடியேற விரும்புகிறவனை அவன் ஊரில் இருக்கும்போதே பரீட்சித்து, இன்னின்னது குறை, இன்ன பயிற்சி வேண்டும், இத்தனை பணம் ஆகும், இத்தனை மாதம் ஆகும் என்று ஒரு கடுதாசியில் எழுதிக் கொடுத்துவிடலாம். பிறகு வருவதும் வராததும் அவன் யோசனை. மார்க்கைக் காட்டி ஆசை மூட்டிக் கூப்பிட்டு, வந்த பிறகு வாசலில் நிற்க வைப்பதை விட இது யோக்கியமான காரியமாயிருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு விமானி வருத்தப்படுகிறாரா என்றால், இல்லை என்கிறார். பெரிய விமானம் ஓட்டுவது போயிற்று. அதற்காகச் சில ராத்திரி தூக்கம் கெட்டது உண்டாம். ஆனால் போலீஸ்காரனைக் கண்டால் பையைத் தடவிக் காகிதம் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் போயிற்று. பிள்ளைகள் வீட்டில் ருஷ்ய பாஷையில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுகின்றன. அதுதான் கொஞ்சம் கசக்கிறதாம். தகப்பனார் இறந்தபோது போய்ச் சேர முடியவில்லை என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே போய்விடுகின்றார். நாமும் அதைக் கிளறவில்லை.

ஒரு சங்கதி மாத்திரம் சொல்ல வேண்டும். அவர் கிளம்பின நாளில் முகத்துக்கு நேரே "துரோகி" என்று சொல்லிக் கையைக் கூடக் கொடுக்காத பழைய கூட்டாளி ஒருவர் இருந்தாராம். பல வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது. 2022 செப்டம்பரில், ஆள் பிடிக்கும் உத்தரவு வெளியான மூன்றாம் நாள், அந்தக் கூட்டாளியிடமிருந்து நாலு வரியில் ஒரு கடிதம் வந்தது. பழைய பேச்சைப் பற்றி அதில் ஒரு வார்த்தையுமில்லை. தன் மகனுக்கு வயது 24, அவன் கனடா வருவதற்கு என்ன வழி என்று மாத்திரம் கேட்டிருந்தது. விமானியும் பழையதை எடுக்கவில்லை. இரண்டு நாட்டுக்கும் நேர் விமானம் இல்லையென்றும், முதலில் கசாக்ஸ்தானுக்குப் போய் அங்கிருந்து மனுப் போடச் சொல்லும்படியும், பையனுடைய படிப்புப் பத்திரங்களையெல்லாம் இங்கிலீஷில் மொழிபெயர்த்து முத்திரை வாங்கி வைத்துக் கொள்ளும்படியும், அன்றிரவே பதில் எழுதிவிட்டார்.